ஓடியே ஜெயிக்கும் அணிக்கு நல்ல ரிசீவர் வருவானா? சில வழிகள், ஓர் ஒப்பீடு

2023 நவம்பர் 11 அன்று அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் பென் ஸ்டேட்டுக்கு எதிராக மிச்சிகன் அணி பந்தை எறியாமல் தொடர்ந்து 32 முறை ஓட்டத்தையே ஆடியது. பந்தை எறியும் ஆளான குவார்ட்டர்பேக் ஜே.ஜே. மெக்கார்த்தி ஆட்டம் முழுக்க எறிந்தது எட்டே எட்டு முறை. 24-15 என்று ஜெயித்தார்கள். அந்த சீசனை 15-0 (15 வெற்றி, தோல்வியே இல்லை) என்று முடித்து தேசிய சாம்பியனும் ஆனார்கள். ரசிகர்களுக்கு அது கொண்டாட்டம். ஆனால் பள்ளிக் கடைசி வருடத்தில் இருக்கும் ஒரு வைட் ரிசீவர் அந்த ஆட்டத்தைப் பார்த்திருந்தால் அவன் மனசு வேறு கணக்குப் போட்டிருக்கும். அவன் போடாவிட்டாலும், அடுத்த வாரம் அவனைத் தன் அணிக்கு இழுக்க அவன் வீட்டு வரவேற்பறையில் உட்காரப் போகும் போட்டிக் கல்லூரிப் பயிற்சியாளர் போட்டுக் காட்டியிருப்பார்.

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தை அதிகம் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நான்கு முயற்சிகளில் பத்து யார்டு முன்னேற வேண்டும். பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடலாம், அல்லது எறிந்து பிடிக்கலாம். எறிந்தால் பெரும்பாலும் பிடிப்பவர் வைட் ரிசீவர். ஓட்டம் என்றால் அவருக்கு வேலை, எதிரே தன்னைக் காவல் காக்கும் எதிரணி கார்னர்பேக்கை மறித்து நிறுத்துவது. ஓர் ஆட்டத்தில் ஓர் அணிக்கு 65, 70 வாய்ப்புகள் கிடைக்கும் என்று வைத்துக்கொள்வோம். அதில் 50 ஓட்டம் போனால் மீதி 15, 20 எறிதல்கள். அதில் பாதிக்குமேல் மற்றவர்களுக்குப் போய்விடும். முதல்தர ரிசீவருக்கே ஆட்டத்துக்கு மூன்று நான்கு கேட்ச் மிஞ்சினால் பெரிய விஷயம். ஓஹாயோ ஸ்டேட் மாதிரி எறியும் அணியில் ஜாக்ஸன் ஸ்மித்-இன்ஜிக்பா 2021-ல் ஒரே சீசனில் 95 கேட்ச், 1,606 யார்டு எடுத்தார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் பதினேழு வயதுப் பையன் எங்கே போவான் என்று கேட்கவே வேண்டாம்.

ஆனால் இந்தக் கணக்கு பாதி உண்மைதான். ரிசீவரை விரட்டுவது ஓட்டம் இல்லை என்பது என் கருத்து. எறியும்போது அந்த எறிதல் எப்படி இருக்கிறது, யார் எறிகிறார், எந்தச் சூழ்நிலையில் எறிகிறார் என்பதுதான் விரட்டுகிறது. ஓட்டத்தையே நம்பும் அணிகளிலும் பல வகை உண்டு. ஒவ்வொரு வகையும் வேறு வேறு ரிசீவரை இழுக்கிறது, வேறு வேறு ரிசீவரை இழக்கிறது. ஆகவே ஓட்டத்தை விடமாட்டேன் என்று முடிவு செய்துவிட்ட ஒரு தலைமைப் பயிற்சியாளரின் இடத்தில் நின்று, அவர் முன்னால் இருக்கும் வழிகளைப் பார்ப்போம்.

முழு ஆப்ஷன்: "நீ ஒருத்தன்தான்"

இதில் சிறந்த உதாரணம் ஜார்ஜியா டெக். பால் ஜான்சன் 2008 முதல் 2018 வரை அங்கே டிரிபிள் ஆப்ஷன் ஆடினார். நேவியில் ஆடிய அதே முறை. குவார்ட்டர்பேக் ஒவ்வொரு முறையும் எதிரணி ஆளைப் பார்த்து, பந்தை உள்ளே கொடுப்பதா, தானே வைத்துக்கொள்வதா, வெளியே தட்டிவிடுவதா என்று முடிவு செய்வார். களத்தில் வைட் ரிசீவர்கள் இரண்டே பேர். மறிக்கவும் பிடிக்கவும் செய்யும் டைட் எண்ட் என்ற ஆளே கிடையாது. மற்ற இடங்களில் எல்லாம் ஓடுகிறவர்கள்.

கேட்டால் ரிசீவருக்கு இது நரகம் மாதிரித் தோன்றும். ஆனால் டிமேரியஸ் தாமஸ் 2009-ல் அங்கே என்ன செய்தார் என்று பாருங்கள். 46 கேட்ச், 1,154 யார்டு, ஒரு கேட்சுக்குச் சராசரி 25.1. நல்ல கல்லூரி ரிசீவருக்கு 14, 15 வந்தாலே பேசுவார்கள். அணி எறிந்து எடுத்த மொத்த யார்டுகளில் பாதிக்கு மேல் அவர் ஒருவருடையது. தொழில்முறை அணிகள் கல்லூரி வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 2010-ல் 22-ஆவது இடத்தில் டென்வர் அவரை எடுத்தது. அந்த வருடம் தேர்வான முதல் வைட் ரிசீவர் அவர்தான். இன்னொரு ரிசீவரான டெஸ் பிரையன்ட்டுக்கு 24-ஆவது இடம். இரண்டு வருடம் கழித்து, பிட்ஸ்பர்க்குக்கு எதிரான பிளேஆஃப் ஆட்டத்தின் கூடுதல் நேரத்தில் டிம் டீபோ எறிந்த முதல் பந்தைப் பிடித்து 80 யார்டு ஓடி ஆட்டத்தை முடித்ததும் இதே தாமஸ்தான்.

தாமஸ் ஒரு விதிவிலக்கு என்று சொல்லலாம். ஸ்டீபன் ஹில் 2011-ல் 28 கேட்ச் மட்டுமே பிடித்தார், ஆனால் 820 யார்டு, சராசரி 29.3. இரண்டாம் சுற்றில் ஜெட்ஸ் எடுத்தது. 2015-ல் டியாண்ட்ரே ஸ்மெல்ட்டர் நான்காம் சுற்றில் போனார். அவர் அதே கல்லூரியில் பேஸ்பால் ஆடிவிட்டு வந்தவர். அதே வருடம் டேரன் வாலர் ஆறாம் சுற்றில் போனார். பிறகு டைட் எண்டாக மாறி 2020-ல் ரெய்டர்ஸுக்காக 107 கேட்ச் பிடித்தார். ஆறு டிராஃப்டுகளில், ரிசீவரே தேவையில்லை என்று எல்லோரும் கேலி செய்த ஓர் அணியிலிருந்து நான்கு பேர்.

இது எப்படி நடக்கிறது? ஓட்டத்தை நிறுத்த எதிரணி எட்டு, ஒன்பது பேரை முன்னால் கொண்டுவந்து நிறுத்துகிறது. பின்னால் காவல் நிற்கும் சேஃப்டியும் ஓட்டத்தைத் துரத்த முன்னே வந்துவிடுகிறார். வெளியே ரிசீவரும் கார்னர்பேக்கும் தனித் தனியாக, ஒருவருக்கு ஒருவர். அங்கே எறியும் பந்து சின்னப் பந்தாக இருக்காது; 30, 40 யார்டு தள்ளி விழும். குறைவாக எறிகிறார்கள், ஆனால் ஒவ்வொன்றும் பெரிய காசு.

இப்போது கெட்ட செய்தி. மேலே சொன்ன நால்வரையும் பாருங்கள்: எல்லோரும் ஆறடி இரண்டு அங்குலம் அல்லது அதற்கு மேல். ஹில் 6-4, வாலர் 6-6. தொழில்முறை லீகான என்.எஃப்.எல். அணிகள் இவர்களை எடுத்தது பெரும்பாலும் உயரத்துக்கும் வேகத்துக்கும்தான், ரூட் ஓடும் நுணுக்கத்துக்காக அல்ல. நேராக ஓடு, உள்ளே வெட்டு, நின்று திரும்பு என்று இரண்டு மூன்று ரூட்களே பழகியவர் தொழில்முறைக்குப் போனால் பத்துப் பன்னிரண்டு ரூட்களைப் புதிதாகக் கற்க வேண்டும். தாமஸ் கற்றார். ஹில் இரண்டு சீசனோடு ஜெட்ஸை விட்டுப் போக வேண்டியிருந்தது.

ஆக, இந்த வழி யாரை இழக்கிறது என்பது தெளிவு. 5-10 உயரத்தில், சட்டென்று திசை மாறி, ஐந்து யார்டு பாஸைப் பிடித்துப் பத்தாக்கும் சின்ன ஸ்லாட் ரிசீவர் இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்க மாட்டான். அவன் பிழைப்பே எண்ணிக்கையில் இருக்கிறது. அவனை ஆறு கேட்சுக்கு அழைப்பது, ஓப்பனிங் பேட்ஸ்மேனைக் கூப்பிட்டு எட்டாவதாக இறங்கு என்பது போல. உயரமான, இன்னும் முதிராத, கூடைப்பந்தோ தடகளமோ ஆடிக்கொண்டிருக்கும் பையன் வருவான். அவனுக்குச் சொல்ல ஒரு உண்மையான வாக்கியமும் இருக்கிறது: "இங்கே எறிகிற பந்தில் பாதி உனக்கு." இரண்டு பேர்தான் தேவை என்பதால் வருடத்துக்கு ஒருவன் கிடைத்தாலே அணி ஓடும். இதன் லாபத்தை யாரும் பேசுவதில்லை. ரிசீவர் தேடலில் தோற்றாலும் அணி சாகாது.

ராணுவக் கல்லூரிகளான ஆர்மி, நேவி, ஏர் ஃபோர்ஸ் பற்றி இங்கே அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. படித்து முடித்தால் ராணுவச் சேவை உண்டு என்பதால் அவர்களின் தேர்வே வேறு. ஆர்மி 2023-ல் கொஞ்சம் நவீனமாக மாறிப் பார்த்துவிட்டு மறுபடி பழைய முறைக்குத் திரும்பி 2024-ல் 12 ஆட்டங்கள் ஜெயித்தது. நட்சத்திர ரிசீவர் யாரும் அதற்குத் தேவைப்படவில்லை.

மல்யுத்த ஓட்டம்: பெரிய உடம்பு, மெதுவான கடிகாரம்

மிச்சிகன், விஸ்கான்சின், ஐயோவா. இரண்டு டைட் எண்ட், கனமான முன்வரிசை, கடிகாரத்தைக் கரைக்கும் ஆட்டம். ரிசீவர் தேடுவதில் மிகவும் அடிபடுவது ஆப்ஷன் அணி இல்லை, இந்த வகைதான் என்று நினைக்கிறேன். காரணம், இவர்கள் எப்போது எறிவார்கள் என்பது எதிரணிக்கும் தெரியும். முதல் இரண்டு முயற்சிகளில் ஓடி மூன்று யார்டு எடுத்துவிட்டு, மூன்றாவதில் ஏழு வேண்டும் என்ற நிலையில் எறிந்தால் சேஃப்டி பின்னாலேயே நிற்பார். ஆப்ஷன் அணி ரிசீவருக்குக் கிடைக்கும் அந்தத் தனிமை இவருக்குக் கிடைக்காது. எறிதல் குறைவு, தரமும் குறைவு.

சார்லி ஜோன்ஸ் கதையைச் சொன்னால் எல்லாம் புரிந்துவிடும். ஐயோவாவில் 2021-ல் 21 கேட்ச், 323 யார்டு. அங்கே அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது உதைத்த பந்தைப் பிடித்துத் திருப்பி ஓடுவதுதான். 2022-ல் பர்டூவுக்கு மாறினார், சிறு வயதில் கூட ஆடிய ஏடன் ஓ'கானல் அங்கே குவார்ட்டர்பேக். அந்த ஒரே சீசனில் 110 கேட்ச், 1,361 யார்டு, 12 டச்டவுன் (பந்தை எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டிக் கொண்டுபோவது). நான்காம் சுற்றில் சின்சினாட்டி எடுத்தது. அதே கால், அதே கை. இப்படி ஓர் உதாரணம் எதிராளி கையில் இருந்தால், ஐயோவாவின் ரிசீவர் பயிற்சியாளர் எந்த வீட்டுக்குப் போனாலும் அது அவருக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருக்கும்.

மிச்சிகன் சாம்பியன் ஆன வருடத்தில் அங்கே அதிக யார்டு எடுத்த ரோமன் வில்சன் 48 கேட்ச், 789 யார்டு. 12 டச்டவுன் எடுத்தும் மூன்றாம் சுற்றில்தான் போனார். பிரெய்லன் எட்வர்ட்ஸ் 2005-ல் மூன்றாவது இடத்தில் போன பிறகு, 2025 டிராஃப்ட் வரை அங்கிருந்து எந்த வைட் ரிசீவரும் முதல் சுற்றில் போகவில்லை. ஓஹாயோ ஸ்டேட்டிலிருந்து 2022 முதல் 2025 வரை மட்டும் ஐந்து பேர். ஆனால் மைதானத்தில் என்ன நடந்தது? 2021 முதல் 2024 வரை நான்கு வருடமும் மிச்சிகன்தான் ஓஹாயோ ஸ்டேட்டை அடித்தது. ரிசீவர் சந்தையில் தோற்றுவிட்டு ஆட்டத்தில் ஜெயிக்க முடியும் என்பதற்கு இதைவிட சாட்சி வேண்டாம்.

நிக்கோ காலின்ஸை மறக்கக் கூடாது. மிச்சிகனில் அவருடைய சிறந்த சீசன் 2019, வெறும் 37 கேட்ச். 89-ஆவது ஆளாகப் போனவர், ஹூஸ்டனில் 2023-ல் 1,297 யார்டு எடுத்தார். அதாவது திறமை அங்கே இருந்தது; டிராஃப்ட் நாளில் அதன் விலைதான் குறைந்தது. பையனின் அப்பா அம்மாவுக்கு முக்கியமான வித்தியாசம் இது. முதல் சுற்றுக்கும் மூன்றாம் சுற்றுக்கும் நடுவே பல மில்லியன் டாலர் இருக்கிறது.

சரி, இந்த வகைப் பயிற்சியாளர் என்ன செய்யலாம்? இன்று அவருக்கு ஒரு கதவு திறந்திருக்கிறது: வேறு கல்லூரிக்கு மாற விரும்பும் வீரர்கள் பெயர் பதியும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல். 2018-ல் வந்தது, 2021-ல் ஒரு முறை மாறினால் ஒரு வருடம் உட்கார வேண்டியதில்லை என்று ஆனது, 2024-ல் எத்தனை முறை வேண்டுமானாலும் மாறலாம் என்று ஆகிவிட்டது. இது இரண்டு பக்கமும் வெட்டும் கதவு. ஜோன்ஸ் வெளியே போனதும் இதே வழியில்தான். ஆனால் எறியும் அணிகளின் கூட்ட நெரிசலை நினைத்துப் பாருங்கள். ஜேமிசன் வில்லியம்ஸ் 2020-ல் ஓஹாயோ ஸ்டேட்டில் 9 கேட்ச் பிடித்தார். வரிசையில் முன்னால் காரெட் வில்சன், கிறிஸ் ஓலாவே, பின்னால் ஸ்மித்-இன்ஜிக்பா. அலபாமாவுக்குப் போய் 2021-ல் 79 கேட்ச், 1,572 யார்டு எடுத்து 12-ஆவது ஆளாக டிராஃப்டில் போனார். "எறியும் அணிக்குப் போனால் பந்து கிடைக்கும்" என்பது எல்லோருக்கும் பலிப்பதில்லை என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. வரிசையில் நான்காவது, ஐந்தாவது ஆளாகக் காத்திருக்கும் பையன்தான் ஓட்ட அணியின் உண்மையான சந்தை. அவனிடம் வருடத்துக்கு 45 கேட்ச் என்று சொன்னால் அது குறைவாகத் தெரியாது.

காசும் இருக்கிறது. 2021 ஜூலையிலிருந்து வீரர்கள் தங்கள் பெயரை வைத்துச் சம்பாதிக்கலாம். 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற ஒப்பந்தத்துக்குப் பிறகு கல்லூரிகளே நேரடியாகப் பணம் தரலாம், முதல் வருடத்துக்கு எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து சுமார் 20.5 மில்லியன் டாலர் வரை. ஓட்ட அணி ஒரே தரமான ரிசீவருக்கு மற்றவர்களைவிட அதிகம் கொடுக்க வேண்டியிருக்கும். கிடைக்காத கேட்சுகளுக்கான நஷ்ட ஈடு அது. அந்தப் பணத்தை ரிசீவருக்குப் போடுவதைவிடக் குவார்ட்டர்பேக்குக்குப் போடுவதே மேல் என்பேன். மிச்சிகன் 2024 நவம்பரில் எல்.எஸ்.யூ. (லூசியானா ஸ்டேட்) பக்கம் இருந்த குவார்ட்டர்பேக் பிரைஸ் அண்டர்வுட்டைத் தன் பக்கம் இழுத்தது அந்தக் கணக்கில்தான் பொருந்துகிறது. ரிசீவர்கள் கல்லூரியைப் பார்த்து வருவதைவிடப் பந்தை எறிகிற கையைப் பார்த்து வருவது அதிகம்.

அகல ஓட்டம்: வேகமாக ஆடி, ஓடியும் எறிந்தும்

மூன்றாவது வகையைப் பலர் ஓட்ட அணி என்றே நினைப்பதில்லை. ஆபர்ன் 2013-ல் ஆட்டத்துக்கு 328 யார்டு ஓடி நாட்டிலேயே முதலிடம் பிடித்து, தேசிய இறுதி ஆட்டம் வரை போனது. அதே அணியில் சாமி கோட்ஸ் 42 கேட்சில் 902 யார்டு எடுத்தார். பேலர் 2015-ல் நாட்டிலேயே அதிகம் ஓடிய அணிகளில் ஒன்று. கோரி கோல்மன் அங்கே 20 டச்டவுன் பிடித்து, சிறந்த ரிசீவருக்கான பிலெட்னிகாஃப் விருது வாங்கி, முதல் சுற்றில் போனார். டென்னசி 2022-ல் எறிந்ததைவிட ஓடியதே அதிகம்; ஜேலின் ஹையட் அலபாமாவுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் ஐந்து டச்டவுன் பிடித்தார், அதே விருதையும் வாங்கினார். ஆர்கன்சாஸின் டிரெய்லன் பர்க்ஸ் 2021-ல் 66 கேட்ச், 1,104 யார்டு, 18-ஆவது ஆள்.

இங்கே ரகசியம் சதவீதத்தில் இல்லை, எண்ணிக்கையில். கடிகாரத்தைக் கரைக்காமல் வேகமாக ஆடினால் ஆட்டத்துக்கு 80 வாய்ப்பு வரை வரும். அதில் 60 சதவீதம் ஓடினாலும் 30-க்கு மேல் எறிதல் மிஞ்சும். 60 வாய்ப்பில் 60 சதவீதம் ஓடும் மெதுவான அணியில் 24தான். காகிதத்தில் இரண்டும் ஒரே மாதிரி ஓட்ட அணி, ரிசீவருக்கு இரண்டும் வேறு உலகம். அதோடு ரிசீவர்களைக் கோட்டோரம் வரை தள்ளி நிறுத்துவதால் எதிரணி ஓட்டத்துக்கு ஆள் சேர்த்தால் வெளியே ஆள் இருக்காது.

ரிசீவர் தேடலில் மட்டும் பார்த்தால் ஓட்டத்தை விடாத பயிற்சியாளருக்கு இதுதான் சிறந்த வழி, சந்தேகமே இல்லை. விலை வேறு இடத்தில் கொடுக்க வேண்டும். வேகமாக ஆடினால் சொந்தத் தற்காப்பு அணி மூச்சு வாங்கும். மல்யுத்த ஓட்டக்காரர் இதை ஒத்துக்கொள்ளவே மாட்டார். என்.எஃப்.எல். ஆட்களிடமும் இந்த முறை ரிசீவர்கள்மேல் ஒரு சந்தேகம் உண்டு: ரூட் குறைவு, எதிராளி இல்லாத வெளியில் ஓடிப் பழகியவர். அத்தனை சாதித்த ஹையட் மூன்றாம் சுற்றில்தான் போனார். கோல்மன் முதல் சுற்றில் போயும் அங்கே நிலைக்கவில்லை.

எறியும் அணியாகவே மாறிவிடுவது

இதை எல்லா ரசிகர்களும் கேட்பார்கள். விஸ்கான்சின் செய்து பார்த்தது. தலைமைப் பயிற்சியாளராக லூக் ஃபிக்கல் வந்ததும், தாக்குதல் ஆட்டத்தைப் பார்த்துக்கொள்ள ஃபில் லாங்கோவைக் கொண்டுவந்து 2023-ல் எறியத் தொடங்கினார்கள். முதல் வருடம் 7-6, இரண்டாவது வருடம் 5-7. அந்த இரண்டாவது சீசன் முடிவதற்குள் லாங்கோவை அனுப்பிவிட்டார்கள். சீசன் முடிவில் நன்றாக ஆடிய அணிகளுக்குக் கிடைக்கும் பௌல் ஆட்டத்துக்கு 22 வருடமாகத் தொடர்ந்து போன வரிசையும் அறுந்தது. இரண்டு வருடமும் குவார்ட்டர்பேக் காயம்பட்டார் என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். ஆனாலும் முன்வரிசைக்குப் பெயர் போன இடத்தில் இருந்த ஒரு பலத்தை விட்டுவிட்டு, வேறு பத்துக் கல்லூரிகள் நன்றாகச் செய்வதைச் சுமாராகச் செய்யப் போனார்கள்.

எல்.எஸ்.யூ. 2019-ல் இதையே செய்து பட்டம் வென்றது. ஜஸ்டின் ஜெஃபர்சன் 2018-ல் 54 கேட்ச் பிடித்தவர், அடுத்த வருடம் 111. ஜமார் சேஸ் 1,780 யார்டு. ஆனால் கவனியுங்கள்: இருவரும் லூசியானாப் பையன்கள், பழைய ஆட்டமுறை இருந்தபோதே சேர்ந்தவர்கள். மாறியது முறையும் குவார்ட்டர்பேக் ஜோ பர்ரோவின் கையும். ஒரு பர்ரோ கிடைத்தால் யாரும் மாறலாம்.

உள்ளூர்ப் பாசம் ஒரு தனி வழி, ஆனால் அது திட்டம் இல்லை, அதிர்ஷ்டம். அலபாமாவின் ஃபோலி ஊரைச் சேர்ந்த ஜூலியோ ஜோன்ஸ் 2008-ல் ஓட்டத்தை நம்பிய அலபாமா பயிற்சியாளர் நிக் சேபனிடம் வந்தார். 2009-ல் அங்கே பந்தைத் தூக்கி ஓடிய மார்க் இங்ரம் சிறந்த வீரருக்கான ஹைஸ்மன் விருது வாங்கும்போது இவருக்கு 43 கேட்ச்தான். முணுமுணுக்காமல் எதிராளியை மறித்து நின்றார், பிறகு ஆறாவது ஆளாக டிராஃப்டில் போனார். இந்த மாதிரிப் பையன் உங்கள் மாநிலத்தில் பிறந்தால் நல்லது.

ஆப்ஷன் பயிற்சியாளராக இருந்தால் நான் வருடத்துக்கு ஒரு உயரமான பையனை மட்டும் துரத்துவேன், சின்ன ஸ்லாட்களைத் தொடவே மாட்டேன். மிச்சிகன், ஐயோவா வகையில் இருந்தால் பள்ளி ரிசீவர் போட்டியில் பெரும் பணத்தைக் கொட்டாமல், குவார்ட்டர்பேக்கை முதலில் பிடித்து, பெரிய எறியும் அணிகளின் பெஞ்சிலிருந்து இரண்டு பேரைப் போர்ட்டலில் எடுப்பேன். முதல் முயற்சியிலேயே எறியும் பழக்கத்தையும் கொண்டுவருவேன், ரிசீவருக்கு அந்தத் தனிமை கிடைப்பதற்காக. புதிதாகத் தொடங்கும் வாய்ப்பு இருந்தால் அகல ஓட்டம்தான்.

பையன் பக்கம் நின்றால் கல்லூரிக்குப் போகும்போது ஓட்டம் எத்தனை சதவீதம் என்று கேட்க வேண்டாம். மூன்று வருடம் முன்பு சேர்ந்த ரிசீவர்களில் இன்னும் எத்தனை பேர் இங்கே இருக்கிறார்கள் என்று கேட்கலாம். முதல் முயற்சியில் எறிந்த பந்துகளை மட்டும் வெட்டித் தொகுத்துப் போட்டுக் காட்டச் சொல்லலாம். அந்தத் தொகுப்பு ஐந்து நிமிடத்தில் முடிந்துவிட்டால், அடுத்த கல்லூரிக்குத் தேதி குறித்துக்கொள்வது நல்லது.